புது கம்ப்யூட்டருக்குள் 7,400 மணி நேரம் ஓடிய எஸ்எஸ்டி

வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. இனி எட்டு வருஷத்துக்குக் கம்ப்யூட்டர் பக்கம் செலவே வைக்கக் கூடாது என்று பணம் சேர்த்து, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் அசெம்பிள் செய்யக் கொடுத்தேன். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 2 டிபி எஸ்எஸ்டி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பத்து வருஷ வாரன்டியோடு 850 வாட், 'கோல்டு' தரம். கொட்டேஷன் வாட்ஸ்ஆப்பில் வந்தது. "ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் கூடும் சார்" என்றார்கள். சரி, எஸ்டிமேட் சீட்டே போதும் என்றேன். முதல் தப்பு என்னுடையது.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்க ரெண்டர் போட்டால் பாதியில் பட்டென்று அணைந்து மறுபடி உயிர் பெறும். விண்டோஸ் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை ஃபார்மட் செய்தேன். கடைசியில்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

எஸ்எம்பிஎஸ் இருக்கும் இடத்தைக் கேபினெட்டின் அடித்தட்டு மூடி மறைத்துவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் விளக்குகள் மின்னும் கார்டும் ஃபேனும்தான் தெரியும். மூடியைக் கழற்றினால் உள்ளே 650 வாட், அதுவும் கோல்டுக்குக் கீழே உள்ள 'பிரான்ஸ்' (வெண்கல) தரம்! அந்தக் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 285 வாட் இழுக்கும். எஸ்எம்பிஎஸ் குறைந்தது 700 வாட் வேண்டும் என்று அதன் கம்பெனியான என்விடியாவே சொல்கிறது.

சந்தேகம் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். 'புது' எஸ்எஸ்டி 7,400 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் பத்து மாதக் கணக்கு அது. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால், ஐந்து வருஷ வாரன்டியில் மூன்று ஏற்கெனவே கரைந்திருந்தது. ரேம் 6000-க்குப் பதில் 4800 வேகத்தில் ஓடியது. கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் 'எக்ஸ்போ'வை யாரும் ஆன் செய்யவில்லை. அது ஏமாற்று அல்ல, வெறும் அலட்சியம்.

பிராசசரும் கார்டும் மட்டும் அசல். நாம் எதைச் சோதிப்போம், எதைத் தொடமாட்டோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைக்குப் போனேன். "ஸ்டாக் இல்ல சார், ஈக்குவலா வேற போட்டோம்." விலை வித்தியாசம்? "அசெம்பிளிங் சார்ஜ்ல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு." எஸ்எஸ்டி பற்றிக் கேட்டால், "சாஃப்ட்வேர் தப்பா காட்டும்."

நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருந்தவை கொட்டேஷனும் யுபிஐ ரசீதும். அதை வைத்தே புகார் பதிந்து, புகார் எண்ணைக் கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். மறுநாளே 850 வாட் எஸ்எம்பிஎஸ் கைக்கு வந்தது, இல்லாத ஸ்டாக் எங்கிருந்து முளைத்ததோ. எஸ்எஸ்டியை மட்டும் 'டெஸ்ட் செய்ய' வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. மனு எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் அசெம்பிள் செய்யக் கொடுத்திருந்தால், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறிய பிறகே பணம் கொடுங்கள். டப்பாக்களை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை பத்தடிதான்.