120 குதிரைத்திறனில் 4 மணி நேரம்: பிட்டைக் குறைப்பதா, முழு வேகமா?

கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் பந்தய வீடியோ கேமில், ஜப்பானின் சுக்குபா பந்தயக் களத்தில் நடக்கும் ரோட்ஸ்டர் 4 மணி நேரப் போட்டிக்கு 1989 மாஸ்டா ரோட்ஸ்டரை எடுத்தால் கையில் இருப்பது 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 940 கிலோ எடை. வெல்ல இரண்டு வழிகள்: பெட்ரோலை மிச்சப்படுத்தி ஒரு பிட் (பெட்ரோல் நிரப்பவும் டயர் மாற்றவும் நிற்பது) குறைப்பது, அல்லது முழு வேகத்தில் ஓட்டி ஒரு பிட் கூடுதலாக எடுப்பது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சுற்று 72 வினாடி என்றால் மொத்தம் 200 சுற்று. ஒரு பிட்டுக்கு 40 வினாடி போனால், சுற்றுக்கு 0.2 வினாடி. மிச்சம் பிடிப்பதில் இதைவிடக் குறைவாக இழந்தால் முதல் வழிதான் லாபம்.

குறைந்த சக்தி இங்கே உதவுகிறது. பின்நேர்பாதையின் கடைசியில் இந்தக் கார் வேகம் கூடுவதே மெதுவாகத்தான். பிரேக் புள்ளிக்கு 30, 40 மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரை விட்டாலும் இழப்பு சொற்பம். ஆனால் விட்ட பிறகு பழைய இடத்திலேயே பழைய அழுத்தத்தில் பிரேக் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கடைசி வளைவுக்குள் வேகம் செத்துவிடும். அதை மீட்க முதன்மை நேர்பாதை முழுக்கத் தேவைப்படும். பிரேக்கைத் தாமதமாக, லேசாகத் தொடுங்கள். ஹேர்பின் எனப்படும் கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறும்போது கியரைச் சீக்கிரம் மாற்றி மிச்சம் பிடிக்கவே கூடாது.

முழு வேக வழிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு: டயர். அது பெட்ரோலுக்கு முன்பே தேய்ந்தால் எப்படியும் பிட்டுக்குள் வரத்தான் வேண்டும், மிச்சம் வீண். கெட்டியான டயர் தாங்கும் என்றால் நான் முதல் வழியையே எடுப்பேன்.