கத்தியா, ரப்பர் வளையமா, பிளாஸ்டிக் வளையமா?

ஆணுறுப்பின் முன்தோலை நீக்கினால் எச்.ஐ.வி. ஆபத்து குறையுமா என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகள் பதில் சொல்லிவிட்டன. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 50 முதல் 60 சதவீதம் குறைகிறது. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. சரி, அதை எப்படிச் செய்வது?

பழைய வழி அறுவை சிகிச்சை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, வெட்டி, ரத்தத்தை நிறுத்தி, தையல் போட வேண்டும், சுமார் 20 நிமிடம் பிடிக்கும். பழகிய கை வேண்டும். ஆனால் வளையக் கருவிகளைப்போல அளவு பொருந்துமா என்ற கவலையே இல்லை.

பிரெபெக்ஸ் என்ற ரப்பர் வளையக் கருவி வந்தபோது ஊசி இல்லை, தையல் இல்லை, வேகமாக முடியும் என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. உள்ளே ஒரு வளையம், அதன்மேல் இறுக்கும் ரப்பர் வளையம், அவ்வளவுதான். ரத்த ஓட்டம் நின்று முன்தோல் கருத்துக் காய்ந்துவிடும், 7 நாள் கழித்து வெட்டி எடுப்பார்கள். கேட்க எளிது, ஆனால் அந்த ஒரு வாரமும் செத்த தோலை உடம்பிலேயே சுமந்துகொண்டு திரிய வேண்டும். நாற்றம் எடுக்கிறது, கழற்றும்போது வலிக்கிறது, இடையில் வளையம் நழுவினால் அவசரமாக அறுவை சிகிச்சைதான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், டெட்டனஸை எப்படிப் பொறுப்பது? காற்று புகாத செத்த திசு அந்தக் கிருமிக்கு வசதியான இடம். பிரெபெக்ஸ் போட்டவர்களில் சிலருக்கு டெட்டனஸ் வந்த பிறகு, முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த ஊசிக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றால் வேகம் என்ற பெருமை எங்கே போனது?

சீனாவில் உருவான ஷாங்ரிங் என்ற பிளாஸ்டிக் வளையக் கருவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரத்துப்போகும் ஊசி உண்டு, தோலை இரண்டு பிளாஸ்டிக் வளையங்களுக்கு நடுவே பூட்டி, மிச்சத்தை அன்றைக்கே வெட்டிவிடுகிறார்கள், தையல் கிடையாது. 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வாரம் வளையத்தோடு இருக்க வேண்டும், இரவில் விறைப்பு வரும்போது வலிக்கும். புண் ஆற அறுவை சிகிச்சையைவிடச் சில நாள் கூடவே ஆகலாம். ஆனாலும் செத்த தோல் மொத்தமாகத் தொங்கிக்கொண்டிருப்பதில்லை, எனக்கு அது பெரிய விஷயம்.

என் கணக்கில் முதலில் ஷாங்ரிங், பொருந்தாதவர்களுக்கு அறுவை சிகிச்சை. பிரெபெக்ஸை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் 6 வாரம் உடலுறவு கூடாது (வளையம் என்றால் மாட்டியிருக்கும் வாரமும், கழற்றியபின் 6 வாரமும்), அதற்குள் ஆறவில்லை என்றால் ஆறும்வரை. ஆறாத புண் எச்.ஐ.வி. கிருமிக்குத் திறந்த வாசல். வளையத்தை 7-ம் நாளே கழற்றிவிடுவதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவது எளிது, அதனால் அதை மாட்டும் அன்றைக்கே இதைச் சொல்லிவிட வேண்டும்.