எக்ஸ்டென்ஷன் கைமாறியது, நம்மிடம் யாரும் சொல்லவில்லை

பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிக்காக நாமே சேர்க்கும் சின்ன நிரல்) போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்த கையோடு அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

வலைப்பக்கத்தை முழு நீளத்துக்கும் படமெடுத்துச் சேமிக்கும் ஒரு எக்ஸ்டென்ஷனைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வந்தேன். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது, நல்ல பெயரும் இருந்தது. திடீரென்று ஒரு கட்டத்தில், எதையாவது தேடினால் முடிவுகள் வருவதற்கு முன்னால் முகவரிப் பட்டையில் சம்பந்தமில்லாத ஒரு முகவரி வந்து மறைய ஆரம்பித்தது. வைரஸ் ஸ்கேனில் ஒன்றும் சிக்கவில்லை. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

குரோமில் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்தால், 'சர்வீஸ் வொர்க்கர்' (எக்ஸ்டென்ஷனின் பின்னணியில் ஓடும் பகுதி) என்று ஒரு இணைப்பு தெரியும். அதைத் திறந்து நெட்வொர்க் பகுதியைக் கவனித்தேன். நான் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அடுத்த நொடியே ஒரு சின்னத் தகவல் வெளியே போகிறது. பார்வைக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். ஆனால் அது பேஸ்64 குறியாக்கம்தான், அதாவது தகவலை வேறு எழுத்துகளில் மாற்றி எழுதும் முறை; ரகசியப் பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். அவிழ்த்தால், நான் திறந்த பக்கத்தின் முழு முகவரி, எந்தப் பக்கத்திலிருந்து அங்கே வந்தேன் என்ற விவரம், கூடவே என் பிரவுசருக்கென்றே கொடுத்த, மாறாத ஒரு எண்.

முகவரிதானே, போனால் போகட்டும் என்று விட முடியாது. பாஸ்வேர்டு மாற்ற வரும் லிங்க், 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்த ஆவணம், பரிசோதனைக் கூடம் அனுப்பிய மருத்துவ அறிக்கை, இவற்றில் பலவற்றுக்கு அந்த நீளமான முகவரிதான் சாவி. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. 2019இல் சாம் ஜடாலி என்ற ஆய்வாளர் வெளிக்கொண்டுவந்த 'டேட்டாஸ்பை' விவகாரம் இதுதான். 8 எக்ஸ்டென்ஷன்கள் வழியாகச் சுமார் 40 லட்சம் பேரின் முகவரிகள் போயிருந்தன. வரி ஆவணங்களும் வீட்டுக் கேமரா பதிவுகளும் இருந்த லிங்க்குகளைப் பணம் கட்டியவர்கள் பார்க்க முடிந்தது.

விசாரித்ததில், முதலில் எழுதியவர் எக்ஸ்டென்ஷனை விற்றுவிட்டார் என்று தெரிந்தது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற குரோம் எக்ஸ்டென்ஷனின் கதையும் இதுவே. 2020இல் கைமாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் தூக்கியது. புதிதாக அனுமதி கேட்கும் அப்டேட் வந்தால் குரோம் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து நம்மைக் கேட்கும். ஆனால் 'எல்லாத் தளங்களிலும் படிக்கலாம், மாற்றலாம்' என்ற அனுமதி முன்பே இருந்தால் புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. வாங்கியவர் காசு கொடுப்பதே அந்த அனுமதிக்குத்தான்.

என் எக்ஸ்டென்ஷனை இப்போது வைத்திருப்பவர்களுக்கு மெயில் போட்டேன். "அடையாளம் நீக்கிய தரவு மட்டுமே, தனியுரிமைக் கொள்கையில் சொல்லியிருக்கிறோம்" என்று இரண்டு வரி பதில். என் பெயரோடு இருக்கும் லிங்க்கை அப்படியே அனுப்பிவிட்டு இப்படிச் சொல்வது பச்சைப் பொய். பார்த்த பக்கங்களின் விவரத்தை விற்ற வழக்கில் ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்டை அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்ததே, அங்கேயும் இந்த 'அடையாளம் நீக்கிய' கதைதான் எடுபடவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்திலும் தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். படமெடுக்க, நிறம் மாற்ற எல்லாம் அதுவே போதும். பயன்படுத்தாததை நீக்கிவிடுங்கள். வங்கி, மருத்துவம் போன்றவற்றை இன்காக்னிட்டோவில் (குரோமின் தனி மறைநிலைச் சாளரம்) திறங்கள். நாமாக அனுமதிக்காதவரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது.

நீக்கியதும் வேலை முடிந்துவிடாது. ஏற்கெனவே போனது போனதுதான். பகிர்ந்த ஆவணங்களின் பழைய லிங்க்குகளை ரத்து செய்து புதிதாக உருவாக்குங்கள், முக்கியமான கணக்குகளில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள். அப்புறம், அந்த எக்ஸ்டென்ஷனின் ஸ்டோர் பக்கத்திலேயே புகார் செய்யும் வசதி இருக்கிறது. என்ன தகவல், எந்த முகவரிக்குப் போகிறது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி வையுங்கள்.