குளிர் நாட்டில் கார் ஒடுக்கு: நெம்பி எடுப்பதா, பட்டி போடுவதா, விட்டுவைப்பதா?

கார் கதவில் ஒடுக்கு விழுந்ததும் எல்லோரும் பள்ளத்தின் ஆழத்தைத்தான் பார்ப்பார்கள். குளிர் அதிகமுள்ள ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது பெயின்டை. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்புக்கு மயிரிழை விரிசல் போதும், உள்ளே இறங்கித் தகட்டை அரிக்கத் தொடங்கிவிடும். பள்ளம் பத்து வருடம் ஆனாலும் பள்ளமாகவே இருக்கும். துரு அப்படி இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியால்தான்: கம்பெனி அடித்த பெயின்ட் மிஞ்சுமா?

அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பிலோ மடிப்பிலோ நகம் தட்டினால் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நகம் தட்டவில்லை என்றால் என் ஓட்டு பெயின்ட் போடாமல் ஒடுக்கெடுக்கும் முறைக்குத்தான். ஆங்கிலத்தில் Paintless Dent Repair, சுருக்கமாக பிடிஆர் என்பார்கள். கதவின் உள்பலகையைக் கழற்றி, வளைந்த கம்பியை உள்ளே விட்டு, பின்பக்கத்திலிருந்து துளித்துளியாக நெம்புவார்கள். வெளியே கோடு கோடாக வெளிச்சம் காட்டும் விளக்கு நிற்கும். ஒடுக்கு உள்ள இடத்தில் பிரதிபலிப்புக் கோடுகள் வளைந்து தெரியும். வேலை செய்பவர் பள்ளத்தைப் பார்ப்பதே இல்லை, அந்தக் கோடுகளை மட்டுமே பார்ப்பார். ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்ந்து, மேடு தட்டினால் மழுங்கிய முனையால் தட்டி இறக்கி, கோடு நேராகும்வரை விடமாட்டார். பெயின்டும் அடியில் உள்ள துத்தநாகப் பூச்சும் கைபடாமல் அப்படியே இருக்கும்.

குளிர்தான் இந்த முறைக்கு எதிரி. உறைநிலைக்குக் கீழே பெயின்ட் விறைத்துவிடும், நெம்பும்போது வெடிக்கலாம். உள்பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் படபடவென்று உடையும். சூடான பசையை ஒட்டி வெளியிலிருந்து இழுக்கும் முறையிலும் இதே தொல்லை: சில்லிட்ட தகட்டில் பசை பிடிப்பதற்குள் இறுகிக் கழன்றுவிடும். வண்டியை முந்தின இரவே சூடான பட்டறைக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். பனியில் திறந்தவெளியிலேயே செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பானெட்டில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாக இருக்கலாம். அதில் ஒடுக்கெடுப்பது கடினம், அந்த அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள்.

நகம் தட்டியிருந்தால், தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங், மீதிப் பள்ளத்தை நிரப்பும் பட்டி, மேலே பெயின்ட் என்ற பழைய வழிதான். இங்கே பட்டறையின் பொறுமையைப் பொறுத்தே எல்லாம். பட்டி பிடிக்கத் தகட்டைத் தேய்க்கும்போது துத்தநாகமும் சேர்ந்து போய்விடுகிறது. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மேலே பிரைமரும் பெயின்டும் முழுதாக மூடாவிட்டால் துரு அடியிலிருந்து கிளம்பும், வெளியே கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். குளிர்ந்த இடத்தில் பட்டி மெதுவாகத்தான் இறுகும். அவசரத்துக்கு, பட்டியை இறுகவைக்கும் ஹார்டனரை அள்ளிக் கலந்தால் ஊசித்துளைகள் விழும், பின்னால் பெயின்டிலும் கறை ஏறும். வெளியிலிருந்து வந்த தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூத்திருக்கும், அது காயாமல் பட்டி வைத்தால் ஒட்டாது. பட்டிக்கு முன் எப்பாக்சி பிரைமர் அடிப்பீர்களா என்று கேளுங்கள். தயங்காமல் ஆமாம் என்பவரிடம் விடலாம்.

கொதிநீர், ஹேர் டிரையர், உலர்பனி என்று வீடியோக்களில் வரும் வைத்தியங்களை உலோகத்துக்கு நம்ப வேண்டாம். அந்தத் தகடு பெயின்ட் அடுப்பில் 150 டிகிரிக்கு மேல் வெந்து வந்தது, 100 டிகிரி வெந்நீருக்கு இளகாது. அகலமான, ஆழமில்லாத சொட்டை என்றால் உறிஞ்சு கப் 'டப்'பென்று இழுத்துவிடும், ஆனால் குளிரில் ரப்பர் விறைத்துச் சரியாக ஒட்டாது.

பிளாஸ்டிக் பம்பர் கதை வேறு. அதற்குச் சூடு உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் கடுங்குளிரில் வெளியே நின்று வெந்நீர் ஊற்றாதீர்கள். மேல்தோல் மட்டும் சூடாகி உள்ளே விறைப்பாகவே இருக்கும், அழுத்தினால் கீறிவிடும். வழிந்த நீரும் சென்சார் இடுக்கில் பனிக்கட்டியாகும். சூடான கராஜில் சில மணி நேரம் விட்டு, ஹேர் டிரையரால் பரவலாகச் சூடேற்றி, உள்ளிருந்து தள்ளுங்கள்.

விட்டுவைப்பதும் நல்ல முடிவுதான், பெயின்ட் முழுதாக இருக்கும்வரை. வசந்தம் வரட்டும், ஒன்றும் குடி முழுகாது. விரிசல் இருந்தால் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கராஜுக்குள் வைத்து டச்சப் பெயின்டால் அடைத்துவிட்டுக் காத்திருங்கள். உப்போடு வந்த வண்டியைக் கழுவாமல் சூடான கராஜில் நிறுத்துவது, வெளியே உறைய விடுவதைவிட மோசம். துருவுக்கு ஈரமும் வெதுவெதுப்பும் ஒருசேரக் கிடைத்துவிடும்.

வராமல் தடுக்க விற்கப்படுபவற்றில் பெயின்ட் பாதுகாப்புப் படலம் கல் தெறிப்புக்கு நல்லது. ஆனால் ஒடுக்கைத் தடுக்கும் தடிமன் அதற்குக் கிடையாது. பஞ்சு வைத்த உறை ஆலங்கட்டிக்கு உதவும், பனிக்காலத்தில் நனைந்து உறைந்து பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். காசில்லாத வழியே இரண்டையும் வெல்கிறது: பனி சரிந்து விழும் சரிவுக் கூரைக்கு அடியிலும் பனிக்கட்டி சுமந்த கிளைக்கு அடியிலும் நிறுத்தாமல் இருப்பது. பானெட்டில் இறுகிய பனியைக் கையால் குத்தி உடைக்கவும் கூடாது, அந்தத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. நுரைமுனைத் தள்ளுகோலால் மேலாகத் தள்ளிவிட்டு, அடியில் ஒட்டியிருப்பதை எஞ்சின் சூட்டுக்கு விட்டுவிடுங்கள்.