மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தபின் வரும் உதறல்: எந்த மருந்து யாருக்கு?

இதயம் நின்று மீண்டும் துடித்து, ஐ.சி.யு.விலிருந்து நினைவோடு பிழைத்து வருபவர்களில் சிலருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ இந்தத் தொல்லை தொடங்குகிறது. சும்மா கிடக்கும்போது அமைதியாக இருக்கும் கை, டம்ளரை எடுக்கப் போனதும் வெட்டி வெட்டி உதறும். 1963இல் லான்ஸ், ஆடம்ஸ் ஆகிய நரம்பியல் மருத்துவர்கள் இதை விவரித்ததால் லான்ஸ்-ஆடம்ஸ் நோய்க்குறி என்று பெயர். நினைவு திரும்பாத முதல் ஓரிரு நாளில் வரும் உதறல் பெரும்பாலும் கவலைக்குரியது, இது அதுவல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு குடும்பத்தார் நம்பிக்கை இழப்பது கொடுமை.

மருந்துகளை நேருக்கு நேர் மோதவிட்ட பெரிய ஆய்வுகள் கிடையாது. அதனால் உதறலை எது அதிகம் அடக்கும் என்பதைவிட, நோயாளியின் மற்ற உறுப்புகள் எதைத் தாங்கும் என்பதே என் முதல் கேள்வி.

அந்தக் கணக்கில் வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் முந்துகிறது. இதய மாத்திரைகளோடு பெரிதாக மோதுவதில்லை, கல்லீரலுக்குப் பாரமில்லை, ஊசியாகவும் கொடுக்கலாம். சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும். இதன் குறை மனநிலையில் தெரியும்: எரிச்சல், கோபம், சோர்வு. ஏற்கெனவே மறதியோடு போராடுபவர் திடீரென்று சீறினால், வீட்டில் நோயைத்தான் குறை சொல்வார்கள். காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குளோனசெபாம் உதறலை வேகமாக அடக்கும். ஆனால் தூக்கமும் தள்ளாட்டமும் கூடவே வரும். நாளாக ஆக உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். கடும் ஆஸ்துமாவால் மூச்சு நின்று இந்த நிலைக்கு வந்தவருக்கு, மூச்சை மந்தமாக்கும் இந்த மருந்தைக் கொடுக்கும்போது கூடுதல் கவனம் தேவை. இரவில் சிறிய அளவில், லெவெடிராசெட்டத்துக்குத் துணையாக என்றால் எனக்குச் சம்மதம்.

வால்ப்ரோயேட் நல்ல மருந்துதான், ஆனால் இடம் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அது குறைக்கலாம். மாரடைப்புக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஐ.சி.யு.வில் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு சரிந்துவிடும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைத் தவிர்ப்பதே நல்லது.

இவை போதாதபோது பைராசெட்டம் சேர்க்கலாம். பலன் தெரிய ஒரு நாளைக்குப் பல கிராம் தேவைப்படும், எத்தனை மாத்திரை விழுங்குவது என்பதே சிக்கல். பெராம்பனெல் சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது. வலிப்புக்குப் பழகிய பெயர்கள் என்பதற்காக ஃபெனிடோயினையோ கார்பமாசெபைனையோ தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வகை உதறலை அவை கூட்டவும் கூடும்.

கைகள் அடங்கிய பிறகும், நிற்கும்போது கணநேரம் தசைப்பிடி விட்டுப்போய்க் கால்கள் மடங்குவது பலருக்கு நீடிக்கும். அதற்கு மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் தூக்கம்தான் மிஞ்சும். பிசியோதெரபியும் வாக்கரும் பக்கத்தில் ஓர் ஆளும் அங்கே அதிகம் உதவும்.