எடை குறைந்த மரத்தில் கடைசல்: ஜெலுத்தோங்கா, புலாயா?

காவடிக்குக் கலசக் குமிழ் கடைய பினாங்கில் மரம் தேடினால், முதலில் கைக்கு எட்டுவது ரப்பர் மரம்தான். தோட்டத்தில் பால் வற்றி, 25, 30 வயதில் வெட்டப்படும் அதே மரம். கடைசலுக்கு அருமையானது, உளிக்கு அடங்கும். ஆனால் கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ எடை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும் தோளுக்கு அது வீண் சுமை. இந்த இடத்தில்தான் ஜெலுத்தோங்கும் புலாயும் போட்டிக்கு வருகின்றன. இவையும் பால் வடியும் மரங்களே.

என் தேர்வு ஜெலுத்தோங். நம் தீவில் ஓர் ஊருக்கே பெயர் கொடுத்த மரம். பென்சிலுக்கும் வார்ப்பட அச்சுகளுக்கும் காலங்காலமாகப் பயன்பட்டது. கன மீட்டருக்கு 420 முதல் 500 கிலோ என்று எடை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். நார் பெரும்பாலும் நேராக ஓடும். புலாயின் எடையோ 210 முதல் 500 வரை அலைகிறது. நம்மூர் ஏழிலைப்பாலையின் இனத்தைச் சேர்ந்த பல மரங்கள் இந்த ஒரே பெயரில் விற்கப்படுவது அதற்கு ஒரு காரணம். ஆகவே புலாய் வாங்குபவர் பலகையைக் கையில் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

லேசான மரம் என்றால் கடைவது சுலபம் என்று நினைப்பவர்கள் பலர். உண்மை நேர்மாறானது. கிண்ணம் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் உளி நாரின் குறுக்கு முனையைச் சந்திக்கும். கடினமான மரத்தில் நார் எதிர்த்து நிற்பதால் சுத்தமாக அறுபடுகிறது. புலாயில் அது மடங்கிப் படுத்து, பிறகு பிய்கிறது. தடவினால் பஞ்சு பிரிந்தது போல் இருக்கும். ஜெலுத்தோங்கிலும் மழுங்கிய உளி இதே வேலையைச் செய்யும். ஆனால் தீட்டிய குழி உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்லிய சீவலாக எடுத்தால் முகம் வழவழவென்று வந்துவிடுகிறது. புலாயில் அதுவும் போதாது. கடைசிச் சீவலுக்கு முன் நீர்த்த அரக்கு வார்னிஷை ஒரு பூச்சு கொடுத்து உலரவிடுங்கள். நார் விறைத்த பிறகு சீவினால் பிய்வது வெகுவாகக் குறையும். சுரண்டு உளியை இரண்டிலுமே தவிர்ப்பது நல்லது.

ஜெலுத்தோங்கின் பெருங்குறை பால் குழாய்கள். பலகையின் முகத்தில் கண் வடிவக் கீறல்களாக, சில சமயம் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெரியும். வர்ணம் பூசும் குமிழுக்குப் பாதகமில்லை. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடலாம். மரநிறம் தெரிய மெருகிடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பலகையை அங்கேயே வைத்துவிடுங்கள். புலாயிலும் இந்தக் குழாய்கள் உண்டு என்பதால், இதைச் சொல்லி அதன் பக்கம் சாய முடியாது.

கடைசல் இயந்திரத்தில் மரத்தைக் கவ்வும் சக்கின் பிடிப்பிலும் கவனம் தேவை. இறுக்க இறுக்க அதன் தாடைகள் இரண்டு மரத்தையும் நசுக்கிக்கொண்டே போகும். நசுங்கிய அடிப்பகுதி நடுவேலையில் கழன்று பறக்கும். ரப்பர் மரத்துண்டு ஒன்றை அடியில் ஒட்டி, சக் அதைக் கவ்வும்படி செய்வதே பாதுகாப்பு. உப்புத்தாளை 80ஆம் எண் சொரசொரப்பில் தொடங்க வேண்டாம். அந்தக் கோடுகள் ஆழமாக இறங்கிவிடும். 180 போதும், அதுவும் கை அழுத்தாமல்.

பால்சா பற்றிக் கேட்பவர்களுக்கு: கன மீட்டருக்கு 160 கிலோ அளவிலான அந்த மரம் மாதிரி விமானத்துக்கு உரியது. கடைசலில் நசுங்குவதுதான் மிச்சம்.

ஜெலுத்தோங்கும் புலாயும் வெயில் மழையைத் தாங்காதவை. ஈரத்தோடு அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடித்துச் சீக்கிரமே நீலம் பாய்ந்துவிடும். வாங்கிய அன்றே இடைக்கட்டை கொடுத்துக் காற்றாட அடுக்குங்கள். மத்துக்கும் சப்பாத்திக் குழவிக்கும் ரப்பர் மரத்தையே எடுங்கள். அங்கே எடை வேண்டும்.