ஆவ்ரோ முதல் ஏடிஆர் வரை: புரொப்பெல்லர் விமானங்களோடு என் பழக்கம்

எண்பதுகளில் வேலை நிமித்தமாக அடிக்கடி பறக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்கு ஆவ்ரோ. கல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு ஃபாக்கர். பிறகு நெய்வேலிக்கு டார்னியர். இன்றைக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கு ஜெட், ஏடிஆர் இரண்டும் இருந்தால் ஏடிஆரில்தான் டிக்கெட் போடுகிறேன்.

ஆவ்ரோ கான்பூரில் கட்டியது. அங்கே தயாரான முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது. உறுதியான வண்டி, ஆனால் இறக்கை கீழே இருக்கும். நடுவில் சீட் கிடைத்தால் எஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். ஃபாக்கரிலும் அதே ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்தான். இறக்கை மட்டும் தலைக்கு மேலே, ஜன்னல்களோ பெரிய முட்டை வடிவம். நான் பறந்த பழைய விமானங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இறங்கும் நேரத்தில் எஞ்சின் கூட்டின் அடியில் கதவு திறந்து, சக்கரம் நம் கண்ணெதிரே மெல்ல நீண்டு வரும். ஓடுபாதையைத் தொட்டதும் டயரிலிருந்து குப்பென்று புகை கிளம்பும்.

டார்ட்டின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று; கியர் வழியாக அதைக் குறைத்துத்தான் புரொப்பெல்லருக்குக் கொடுப்பார்கள். அந்தக் கூரிய கீச்சொலி காதைத் துளைக்கும். தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவருவார்கள். கிளம்பும்வரை உள்ளே புழுக்கம் தாங்காது, பாதுகாப்பு அட்டையே விசிறி.

டார்னியரில் 19 சீட், இரண்டு பக்கமும் ஒற்றை ஒற்றையாக, எல்லோருக்கும் ஜன்னல். கேபினுக்குள் காற்றழுத்தம் கொடுக்கும் வசதி கிடையாது என்பதால் உயரம் போகாது. வயல், ஏரி, கண்மாய் எல்லாம் பக்கத்தில் தெரியும். வெயில் ஏறிய மதிய நேரத்தில் குலுக்கி எடுத்துவிடும். வயிறு லேசானவர்களுக்கு ஆகாது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் இவற்றை விடாததற்குக் காரணம் தரைதான். ஜெட்டில் மேலே ஏறிவிட்டால் மேகம்தான் காட்சி. இதிலே காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பது துல்லியமாகத் தெரியும். 1987-ல் முடிந்த ராஜகோபுரத்தை அது நிலை நிலையாக எழும்பிய காலத்திலேயே வானிலிருந்து பார்த்தவன் நான்.

ஏடிஆர் 72 வந்தபின் இரைச்சல் எவ்வளவோ குறைந்துவிட்டது. புரொப்பெல்லருக்கு ஆறு இதழ், இறக்கையும் மேலேதான். சென்னை–திருச்சி மாதிரி தூரத்துக்கு ஜெட்டோடு ஒப்பிட்டால் நேர வித்தியாசம் சொற்பம், எரிபொருளும் குறைவு. குறை என்றால் மேலே பெட்டி வைக்கும் இடம்தான், ரொம்பச் சின்னது.

புதிதாகப் போகிறவர்கள் காலை விமானமாகப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு நேராக உள்ள முன்வரிசைகளில் அதிர்வு அதிகம். பின்பக்கம் ஜன்னல் சீட் போடுங்கள். ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான், சீக்கிரம் இறங்கிவிடலாம். டிராலி பெட்டியை மட்டும் கவுண்டரிலேயே போட்டுவிடுங்கள்.